கயிறு இழுக்கும் இன்ஜின்

புல் வெட்டும் வண்டி என்றால் எல்லோரும் கையால் தள்ளிக்கொண்டு போவதைத்தான் நினைப்பார்கள். நான் ஓட்டியது அதில்லை. சீட்டும் ஸ்டியரிங்கும் நாலு சக்கரமும், அடிவயிற்றில் பிளேடும் உள்ள குட்டி டிராக்டர். ஒரகடத்தில் ஒரு கம்பெனியின் தோட்ட வேலையில் இருக்கிறேன். கம்பெனி ஆள் இல்லை, கான்ட்ராக்ட். வெளிநாட்டு விருந்தாளிகள் காரை விட்டு இறங்கியதும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்று கேட்டிலிருந்து ஆபீஸ் வரை புல்வெளி போட்டிருக்கிறார்கள். அதில் மாடு வாய் வைக்க முடியாது, மனுஷர் உட்காரவும் கூடாது.

முதலில் நானும் மற்ற பெண்களோடு குத்துக்காலிட்டுக் களை பிடுங்கியவள்தான். நாள் முழுக்க அப்படி நகர்ந்து நகர்ந்து, சாயங்காலம் எழுந்திருக்கும்போது முழங்கால் என் பேச்சைக் கேட்காது. வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்குப் போய்விட்டார். யாருக்கு ஓட்டத் தெரியும் என்று சூப்பர்வைசர் கேட்டான். மொபெட் ஓட்டிய தைரியத்தில் நான் கை தூக்கினேன். மற்றவர்கள் சிரித்தார்கள். மறுநாள் நான் அவர்கள் தலைக்கு மேலே உட்கார்ந்து போனபோது ஒருத்தியும் சிரிக்கவில்லை.

அந்தச் சீட்டை நான் எவ்வளவு விரும்பினேன் என்று சொன்னால் வெட்கமாக இருக்கும். சாவி என் கோட்டுப் பையில்தான் இருக்கும். திருகினால் உறுமும், திருப்பினால் அடங்கும். என் வாழ்க்கையில் நான் சொன்னபடி கேட்ட ஒரே ஜந்து அதுதான்.

அப்புறம் இன்ஜின் படுத்துவிட்டது. ஆயிலைக் குடித்தது, புகையைக் கக்கியது, மேடு வந்தால் முனகிக்கொண்டு நின்றது. வெளிநாட்டு வண்டி, அந்த மாடலுக்கு இங்கே பாகம் கிடையாது. வண்டியைக் கழித்துக் கட்டிவிட்டு, தோளில் மாட்டிப் புல் வெட்டும் மெஷினோடு ரெண்டு ஆம்பிளைகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. களை பிடுங்கும் கூட்டத்துக்குத் திரும்பிப் போக என்னால் முடியாது. சூப்பர்வைசரிடம் போய் நானே சொன்னேன். "சார், என் வூட்டுக்காரர் மெக்கானிக். வேற இன்ஜின் மாட்டிக் குடுப்பார்."

நானே என் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு பார்ட்ஸ் கம்பெனி லைனில் இருந்தவர். லைனை மூடியதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். அதற்கு முன்னால் பம்ப்செட், பைக் என்று ஸ்பானரோடு திரிந்தவர். வேலை போனதிலிருந்து தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் சொன்னதும் முகத்தில் வெளிச்சம் வந்தது. கேட் பாஸ் வாங்கி உள்ளே வந்தார். நான் வேலை செய்யும் இடத்தை அவர் பார்த்தது அன்றைக்குத்தான்.

களை எடுக்கும் மெஷினுக்குப் போடுகிற பெட்ரோல் இன்ஜினைப் போடலாம் என்று முடிவானது. எங்கும் கிடைக்கும், எவனும் ரிப்பேர் செய்வான். கடையில் ரெண்டு விதம் இருந்தது. சாவி போட்டு ஸ்டார்ட் செய்வது ஒன்று, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது இன்னொன்று. எது வேண்டும் என்று சூப்பர்வைசர் போனைக் காதில் வைத்தபடி இவரைத்தான் கேட்டான்.

"சாவின்னா பேட்டரி கீது, மோட்டார் கீது, எல்லாத்தையும் பாத்துக்கினு இருக்கணும். கயிறே போதும் சார், தொல்லை கெடையாது" என்றார்.

பக்கத்தில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு நான் நிற்கிறேன். ஓட்டப்போவது நான். என் பக்கம் திரும்பக்கூட இல்லை. கயிறு இழுப்பது என்றால் என்ன பாடு என்று எனக்கும் அன்றைக்குத் தெரியவில்லை.

வேலையைக் குறை சொல்ல முடியாது. புது இன்ஜினின் போல்ட் ஓட்டைகள் பழைய இடத்தில் உட்காரவில்லை என்று நடுவில் ஒரு இரும்புத் தகடு வைத்து ஓட்டை போட்டார். ஷாப்ட் ஒல்லியாக இருந்தது, பழைய புல்லி லொடலொடவென்று ஆடியது. தண்டலம் பக்கத்தில் ஒரு லேத்தில் காத்துக் கிடந்து, நடுவில் செருகுவதற்குப் புஷ் என்கிற இரும்பு வளையம் ஒன்றைக் கடைந்து வாங்கி வந்தார். சைலன்சர் என் காலைச் சுடக்கூடாது என்று அதை வளைத்துத் திருப்பினார். பெல்ட்டை மாட்டிவிட்டு இழுத்து இழுத்துப் பார்த்தார். காலுக்கு யோசித்த மனுஷன் கைக்கு யோசிக்கவில்லை. ஷாப்டை அளந்தார், புல்லியை அளந்தார், என்னைத்தான் அளக்கவில்லை.

அவர் ஒரே இழுப்பு இழுத்தார், இன்ஜின் பிடித்துக்கொண்டது. சூப்பர்வைசருக்கு வாயெல்லாம் பல். அடுத்து நான் இழுத்தேன். கயிறு ஒரு சாண் வந்துவிட்டு வெடுக்கென்று திரும்ப இழுத்ததில் தோள்பட்டை கழன்றது போலிருந்தது. ஏற்கெனவே அந்தத் தோள் சரியில்லை. அது அவருக்கும் தெரியும்.

"பழகிடும்" என்றார்.

பழகவில்லை. காலையில் செக்யூரிட்டியைக் கூப்பிட்டு இழுக்கச் சொல்வேன். அதோடு முடிந்தால் பரவாயில்லை. ஆள் சீட்டை விட்டு எழுந்தால் இன்ஜின் தானாக அணைய வேண்டும் என்று சேஃப்டி ஆபீசர் சொல்லிவிட்டார். பழைய வண்டியிலும் அந்த ஸ்விட்ச் உண்டு. எழுந்தால் அணையும், வந்து உட்கார்ந்து சாவியைத் திருகினால் போதும். அதையே இவர் புது இன்ஜினுக்கும் ஒழுங்காக இணைத்துக் கொடுத்தார். புல்வெளியில் கல் கிடக்கும், ஷிப்டு முடிந்து போகிறவர்கள் போட்ட பாட்டில் கிடக்கும். எடுக்க இறங்கினால் வண்டி நின்றுவிடும். அப்புறம் நட்ட நடுப் புல்லில், எவனாவது கயிறு இழுக்க வருவானா என்று நான் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஆபீஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சூப்பர்வைசரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் என் வீட்டுக்காரர் பரோட்டாப் பொட்டலத்தோடு வந்தார்.

"வேலை கெடச்சிடுச்சு. உங்க கம்பெனியிலயே."

"இன்னா வேலை?"

"அந்த வண்டிதான். சூப்பர்வைசர் போன் பண்ணான். நீங்களே ஓட்டுங்கண்ணே, உங்களுக்குத்தான் கை வருதுன்னான்."

"அப்போ நான்?"

"நீ முன்ன மாதிரி அவங்ககூட இரு. உன் வேலை எங்க போச்சு? உனக்கும் தோள் நோவு மிச்சம்."

எனக்கு நல்லது செய்துவிட்டதாகவே மனுஷன் நினைத்துக்கொண்டிருந்தார். திட்டம் போட்டுப் பிடுங்கியிருந்தால் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ரொம்ப நாளைக்கப்புறம் தலை நிமிர்ந்து சாப்பிடுகிறவரிடம் என்ன கேட்பது? கேட்டவர்களெல்லாம் புருஷன் பெண்டாட்டி ஒரே இடத்தில் வேலை, கொடுத்து வைத்தவள் என்றார்கள். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஷேர் ஆட்டோவில் இப்போது சேர்ந்துதான் போகிறோம். அவர் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து இன்ஜின் மாற்றிய கதையைச் சொல்லிக்கொண்டே வருவார். நான் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வருவேன்.

முதல் நாள் நாங்கள் ஆபீஸ் வாசலோரம் வரிசையாகக் குந்திக் களை பிடுங்கிக்கொண்டிருந்தோம். அவர் வெட்டிக்கொண்டு வந்தார். வழியில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடந்தது. பிரேக்கை மிதித்து, சீட்டில் உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துக் கை காட்டினார்.

"ஏய், அத்த எடுத்துப் போடு. எறங்குனா நின்னுடும், மறுபடி இழுக்கணும்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனேன். எடுத்துப் போட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன். இன்ஜின் நிற்கவே இல்லை.