விட்டுப் பிடிக்கட்டாம்

பிரான்சின் தெற்கே, முந்நூறு வருடங்களுக்கும் மேல் பழமையான கால்வாய் ஒன்றில் எங்கள் வாடகைப் படகு நிற்கிறது. முன்னும் பின்னும் பெரிய கதவுகள். நடுவிலுள்ள தண்ணீரை வடியவிட்டு எங்களைக் கீழே இறக்கப்போகிறார்கள். கரைத்தூணைச் சுற்றிய கயிறு என் கையில். என் கணவரின் கண்ணோ, கதவுகளைத் திறந்து மூடும் பெண்ணின் மேல்.

ரொறொன்ரோவுக்கு வருமுன் பாரிஸில் இருந்தவர். எங்கள் ஊர் விட்பியில் ரயிலேறினால் இறங்கும்வரை என்னோடு வாய் திறக்காத மனிதர், இங்கே பிரெஞ்சில் பொழிகிறார். அவள் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறாள். அவரும் சிரிக்கிறார், வீட்டில் நான் கேட்டேயிராத ஒரு சிரிப்பு.

எரிச்சலில் கயிற்றைப் படகோடு இறுக்கிக் கட்டிவிடுகிறேன். தண்ணீர் இறங்க இறங்க, படகு கயிற்றில் தொங்கி ஒருபக்கமாகச் சரிகிறது. உள்ளே கோப்பைகள் உருளுகின்றன. அவள் கத்திக்கொண்டே ஓடிப்போய்த் தண்ணீரை நிறுத்துகிறாள்.

“என்னவாம் அவ?” என்கிறேன் கணவரிடம்.

“கயிறைக் கட்டி வைக்கக் கூடாதாம். விட்டுப் பிடிக்கட்டாம்.”

“எதையாம்? கயிறையோ, உங்களையோ?”

நான் என்ன சொன்னேன் என்று அவள் அவரிடம் கேட்கிறாள். காலையிலிருந்து முதல் தடவையாக அவருக்குப் பிரெஞ்சு வரவில்லை.