வெளிச்சம் புகாத சிவப்புக் கல்

கண்டியில் நிலவியல் பாடம் நடத்தும் என் தங்கை, ஜப்பானில் மேற்படிப்பு முடித்து வந்தபோது எனக்கு ஒரு சேலையும் என் மகளுக்கு ஒரு கல்லும் கொண்டுவந்தாள். கோழிமுட்டை அளவு, ரத்தச் சிவப்பு. பத்தாம் வகுப்பு முடிந்து எழுதும் ஓ.எல். பரீட்சையை எழுதி முடித்திருந்த மகள், "சித்தி, சித்தி" என்று அவள் பின்னாலேயே திரிந்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

மாணிக்கம் தோண்டும் எங்கள் இரத்தினபுரிப் பக்கம் கல்லைக் கண்டால் யாருக்கும் கை சும்மா இருக்காது. நாங்கள் இருக்கும் தோட்டத்து லயத்தில் ஆளாளுக்குப் போன் டோர்ச்சைக் கல்லுக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தார்கள். மாணிக்கம் கொடுத்து என் பிள்ளையை மடக்கப் பார்க்கிறாள் என்றே நானும் நினைத்தேன். மாணிக்கம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் அவள் மூக்கை உடைக்கலாம். பிள்ளைமடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் என் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கல்லோடு டவுனுக்குப் பஸ் ஏறினேன்.

மாணிக்க வியாபாரி டோர்ச் அடித்தார், தண்ணீரில் நனைத்தார், மறுபடி அடித்தார்.

"இதுக்குள்ள லைட்டே போகுதில்ல தங்கச்சி. பெறுமதி ஒண்டும் இல்ல."

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வீடு திரும்பியதும் வாசலிலேயே கத்தினேன்: "ஒஞ் சித்தி குடுத்தது வெறுங்கல்லுடீ!"

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "ஐயோ அம்மா, மாணிக்கம்னு யாரு சொன்னா? இது செர்ட். ஆழ்கடல்ல உண்டான கல்லு."

பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள்! கடல்நீரில் கரைந்திருக்கும் சிலிக்காவை எடுத்து, ரேடியோலேரியா என்ற பொடி உயிர்கள் கண்ணாடி போலக் கூடு கட்டிக்கொள்ளுமாம். செத்தால் அந்தக் கூடுகள் அடிக்கு இறங்குமாம். சுண்ணாம்புக் கூடுகள் அந்த ஆழத்தில் கரைந்துபோக, இவை மட்டும் சேறாகத் தேங்குமாம். ஒரு விரல் கனம் சேரவே ஆயிரக்கணக்கான வருஷம். மேலே பாரம் ஏற ஏற, அழுத்தத்திலும் சூட்டிலும் குவார்ட்ஸாக இறுகிவிடுமாம். சிவப்பு, கூடவே கலந்த இரும்பாம்.

பெற்றவள் நான். வாயைத் திறந்தால் என் தங்கை பேசுகிறாள்! கையை ஆட்டுவதுகூட அவளைப் போலவே. பொறாமை என்றால் கொஞ்சநஞ்சப் பொறாமையா எனக்கு! கல்லைத் தூக்கி வாசல் சாக்கடைக் கானில் எறியலாம் போலிருந்தது.

மகள் குரலைத் தாழ்த்தினாள். "அம்மா, நம்ம பள்ளிக்கூடத்துல ஏ.எல். சயன்ஸ் இல்ல. சித்தி அவங்க வீட்ல தங்கிப் படிக்கச் சொல்றாங்க. போகட்டுமா?"

அன்றைக்கு முழுக்கச் சோறு போட்டேன், பேசவில்லை. மறுநாள் நானே தங்கைக்குப் போன் எடுத்தேன்.

"அனுப்புறேன்."

"நெசமாவா அக்கா?"

"நெசமாத்தான். நல்லா படிக்க வையி. ஆனா, மறந்துபோயி ஒரு தடவ ஒன்னைய அம்மான்னு கூப்பிட்டாளோ, அன்னைக்கே பஸ் ஏறி வந்து கூட்டியாந்துருவேன்."

தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.