ஏலக்கூடத்தில் தரம் பார்த்த புத்தகங்கள்

1. போன் வந்த நாள்

தை மாதம், ஒரு புதன்கிழமை. தேதி என் டைரியில் இருக்கிறது. படிக்கிறவர்களுக்குக் கிழமை போதும், ஏனென்றால் எங்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பருத்தி ஏலம் புதன்கிழமைதான். பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற வழியில் இருக்கும் அந்தக் கூடத்துக்கு நான் கண்காணிப்பாளர். ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்தன. எடை போட்டுக்கொண்டிருந்தபோது விற்பனைக்குழுச் செயலாளரிடமிருந்து போன் வந்தது. புதிதாகப் பொறுப்பேற்றிருந்த பெண் அதிகாரி.

“சார், மக்காச்சோளம் வந்து குவியுது, வைக்க எடமில்ல. உங்க கூடத்துல ஒரு ரூம் புத்தகத்துக்குன்னு கெடக்காமே?”

“விவசாயிங்க படிக்கிறாங்க மேடம்.”

“எல்லா ஊர்லயும் இப்படித்தான் சொல்றாங்க. போய்ப் பாத்தா பூட்டுதான் தொங்குது. அடுத்த புதன் நானே வரேன். படிக்கிறாங்கன்னா ரூம் இருக்கட்டும். இல்லன்னா காலி பண்ணிடுங்க.”

அவர் சொன்னதில் தப்பு இல்லை. சோளம் நனைந்தால் விவசாயிக்குத்தான் நட்டம். ஆனால் அந்தப் புத்தகங்கள் ஒருமுறை சாக்குக்குள் போய்விட்டால், நான் போன பிறகு யாரும் அவற்றை வெளியே எடுத்து அடுக்கப் போவதில்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும்.

2. மூட்டையின் நடுப்பகுதி

புதிதாக இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். விவசாயி காலையில் பருத்தியைக் கொண்டுவந்து வரிசையாக வைப்பார். ஒருவருடைய மூட்டைகள் ஒரு லாட். வியாபாரிகள் ஒவ்வொரு லாட்டாகப் பார்த்து, விலையைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். மதியத்துக்கு மேல் பெட்டியைத் திறந்து, கூடுதல் விலை போட்டவர் பெயரைச் சொல்வோம். அதுவரை விவசாயிக்கு வேலை இல்லை. கூடத்தை விட்டு வெளியே போகவும் முடியாது.

அந்தக் காத்திருப்புக்காகத்தான் வீட்டில் படித்து முடித்த புத்தகங்களைக் கொண்டுவந்து எடைமேடைக்குப் பக்கத்தில் அடுக்கினேன். பிறகு மற்றவர்களும் ஆளாளுக்குப் புத்தகம் கொடுத்தார்கள்; வேண்டியதை வீட்டுக்கும் எடுத்துப்போகலாம் என்று ஆனது. அலமாரி போதாமல் ஒரு அறையே ஆனது.

நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. யாரும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கவில்லை. குரும்பலூர் அஞ்சலைதான் அதை ஆரம்பித்து வைத்தவர். குத்தகை நிலத்தில் பருத்தி போடுகிறவர். அலமாரியிலிருந்து ஒரு நாவலை எடுத்தார், சரியாக நடுவில் பிரித்தார், நின்றபடியே இரண்டு பக்கம் படித்தார்.

“முதல்லேருந்து படிங்கம்மா,” என்றேன்.

“மேல இருக்கறது எப்பவும் நல்லாத்தான் சார் இருக்கும். யாவாரி என் மூட்டையில மேலாப்புலயா பாக்குறாரு? முழங்கை வரைக்கும் உள்ள வுட்டு நடுவுலேருந்து உருவுறாரு. அப்பத்தானே தெரியும், ஈரமா, சருகான்னு.”

அதிலிருந்து அதுவே கூடத்தின் வழக்கமாகிவிட்டது. நடுப்பக்கம் தேறினால்தான் முதல் பக்கத்துக்குப் போவார்கள். கருத்தும் பருத்தியின் பாஷையில்தான் வரும். எடை கூட்டுவதற்காகத் தண்ணீர் தெளித்த பருத்தி ‘ஈரம்’. இலைத்தூள் கலந்தது ‘சருகு’. அழுகையால் பருத்துப்போன குடும்ப நாவலுக்கு ஈரம் என்று பெயர் வைத்தார்கள். வளவள என்று எழுதியது சருகு.

செந்துறையிலிருந்து வரும் பழனிமுத்து துப்பறியும் நாவல் தவிர வேறெதையும் முதலில் தொடமாட்டார். ஒரு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது முகம் கடுகடு என்று இருந்தது. “கொலகாரன் யாருன்னு எனக்கு பாதியிலயே தெரிஞ்சு போச்சு சார். கடைசி வரைக்கும் அந்தப் போலீசுக்குத் தெரியல. அந்தாளுக்கு எவன் வேல குடுத்தான்?”

சரித்திர நாவல் படித்த கீழப்பழுவூர்ப் பெரியவர் ஒருவரின் கவலை வேறு. “பட போவுது, போவுது, போயிட்டே இருக்கு. ஒரு எடத்துலயும் உல வைக்கலயே. அத்தன பேரும் என்னத்தத் தின்னாங்க?”

கவிதைத் தொகுப்பு பற்றி அஞ்சலை: “சருகே இல்ல, சுத்தமா இருக்கு. ஆனா பக்கத்துக்கு நாலு வரிதான். மிச்ச தாள என்ன பண்றது?”

சுயமுன்னேற்ற நூல் ஒன்றைப் பழனிமுத்து ஒரே வாரத்தில் திருப்பிவிட்டார். “விடியக்காலம் எந்திரிச்சா பெரிய ஆளாயிடலாமாம். நாங்க பொறந்ததுலேருந்து விடியக்காலந்தான் சார் எந்திரிக்கிறோம்.”

நானும் நிறையப் படிக்கிறவன்தான். அந்த நாவலைப் பாராட்டி, இந்த நூலுக்குப் பரிந்து எவ்வளவோ பேசிப் பார்த்தேன். ஒருவரும் எனக்காகத் தரத்தை ஏற்றிச் சொன்னதில்லை.

3. எல்லாம் நல்லாருக்கு

செயலாளர் சொன்னபடியே அடுத்த புதன்கிழமை வந்தார். எனக்குப் பயமில்லை. இவர்களைப் பேசவிட்டால் போதும் என்று நினைத்தேன். ஆனால் சுமைதூக்கும் ஆட்களின் மேஸ்திரி ரத்தினம் என் மேல் உள்ள பிரியத்தில் காலையிலேயே ஒரு சுற்று வந்திருக்கிறார். “மேடம் கேட்டா நல்லாருக்குன்னு மட்டும் சொல்லுங்க. வேற வாயத் தொறந்தீங்க, சாரோட ரூம் போயிடும்.” இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

செயலாளர் சரித்திர நாவலைக் கையில் எடுத்தார். “இத யாரு படிச்சீங்க?”

“நான்தாங்க,” என்றார் கீழப்பழுவூர்ப் பெரியவர்.

“எப்படி இருந்துச்சு?”

“நல்லாருந்துச்சுங்க.”

“எந்த எடம் புடிச்சுது?”

“எல்லா எடமும் புடிச்சுதுங்க.”

பழனிமுத்துவிடம் துப்பறியும் நாவலைக் காட்டினார். போலீசைத் திட்டித் தீர்த்த அதே புத்தகம். “ரொம்ப நல்லாருக்கும் மேடம்,” என்றார் பழனிமுத்து, வாய்பாடு ஒப்பிப்பது போல. அவருக்குப் பின்னால் நின்ற ரத்தினம் திருப்தியாகத் தலையாட்டினார். முன்னேற்ற நூலும் நல்லாருந்தது. கவிதையும் நல்லாருந்தது.

செயலாளர் என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: “ஒருத்தரும் பிரிச்சே பாத்த மாதிரி தெரியலயே சார்.” பிறகு அறையின் நீள அகலத்தைக் கண்ணால் அளந்தார். “இதுல எத்தன மூட்ட அடுக்கலாம்?”

எத்தனை மூட்டை என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் மனமில்லை.

போகிற போக்கில் அவர் குடும்ப நாவலை எடுத்து அஞ்சலையிடம் நீட்டினார். “இது எப்படிம்மா? இதுவும் நல்லாருக்கா?”

அஞ்சலை புத்தகத்தைக் கையில் வாங்கினார். ரத்தினம் செருமினார்.

“நல்லா…” என்று ஆரம்பித்த அஞ்சலை நிறுத்திவிட்டார். “மேடம், ஒண்ணு கேக்குறேன். ஈரப் பருத்திய நான் கொண்டாந்தா மொத ரகம்னு எழுதுவீங்களா?”

“அது எப்படி எழுத முடியும்?”

“அப்ப நானும் சொல்ல மாட்டேன். மேஸ்திரி கோச்சுக்கிட்டாலும் சரி. இந்தப் புத்தகம் ஈரம். மருமவ அழுவுறா, மாமியா அழுவுறா, கடைசியில பால்காரனும் அழுவுறான். பாதிய வெயில்ல காயப் போட்டாத்தான் எடை சரியா வரும்.”

“யக்கா, அது அநியாயம்,” என்று பழனிமுத்து எழுந்துவிட்டார். துப்பறியும் நாவல்காரர் அதைப் படித்திருந்தது எனக்கே அப்போதுதான் தெரியும். “பால்காரன் அழுவுற எடந்தான் கதையே. அவன் தங்கச்சியத்தானே அந்த வூட்டுல கட்டிக் குடுத்துருக்கு? அவன் அழுவாம யாரு அழுவுறது?”

“அழுவட்டும்டா. மூணு தடவயா அழுவணும்?”

“நீ நடுப்பக்கத்தோட நின்னுருப்ப.”

“யாரு, நானா? கடைசி பக்கத்துல பசு மாட்ட வித்தது வரைக்கும் சொல்லவா?”

இதைக் கேட்டதும் கீழப்பழுவூர்ப் பெரியவருக்கும் அடக்க முடியவில்லை. “மேடம், நானும் பொய் சொல்லிட்டேன். அந்தப் படைக்கு சோறே போடலீங்க,” என்று ஆரம்பித்தார். அப்புறம் அறையில் எந்தக் குரல் யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. செயலாளர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பெட்டி திறக்கும் நேரம் கடந்துவிட்டது. வியாபாரி ஒருவர் எட்டிப் பார்த்தார். “ஏலம் இல்லையா இன்னைக்கு?”

“இருங்க, இங்க ஒரு லாட்டு முடியல,” என்றார் ரத்தினம்.

செயலாளர் அந்த நாவலை வாங்கி நடுவில் பிரித்துக் கொஞ்ச நேரம் படித்தார். “எனக்கு இந்த எடம் புடிச்சிருக்கேம்மா.”

“அது நல்ல எடந்தான் மேடம். முன்னயும் பின்னயும் பாத்துட்டு சொல்லுங்க.”

அவர் புத்தகத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டார். ஜீப்பில் ஏறும்போது என்னிடம் சொன்னார்: “சோளத்துக்கு வேற எடம் பாத்துக்கறேன் சார். இந்த ரூமத் தொடாதீங்க.” பிறகு மேஸ்திரியைப் பார்த்தார். “நீங்க என்ன படிச்சீங்க?”

“எல்லாம் நல்லாருக்குங்க மேடம்,” என்றார் ரத்தினம். அவர் ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

4. என் தரம்

சித்திரையில் எனக்கு வழியனுப்பு விழா. அதுவும் புதன்கிழமைதான், விவசாயிகள் வேறு நாளில் வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். செயலாளரும் வந்திருந்தார். நாவலைத் திருப்பிக் கொடுத்து, “ஈரம் உண்மைதான், ஆனா பால்காரன் விஷயத்துல நான் பழனிமுத்து கட்சி,” என்றார். மேடையில் பேசியவர்கள் நேர்மையானவர், பண்பாளர் என்று வரிசையாகச் சொன்னார்கள். சால்வைகள் சேர்ந்தன. கடைசியில் அஞ்சலையிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

“சாரு பொட்டிய ஒரு நாளும் நேரத்துக்குத் தொறந்ததில்ல,” என்று ஆரம்பித்தார். கூட்டம் சிரித்தது. “பேச்சு சாஸ்தி. அதுல சருகும் உண்டு. கோவம் வந்தா எதிர்ல யாருன்னு பாக்க மாட்டாரு. ஆனா ஏழ மூட்டையோ பணக்காரன் மூட்டையோ, எடைக்கல்லு முன்னாடி ஒண்ணாத்தான் வச்சாரு. நடுவுல கைய வுட்டுப் பாத்துட்டுத்தான் சொல்றேன். ரெண்டாம் ரகம். மொத ரகத்துக்குக் கொஞ்சந்தான் கம்மி.”

அன்று சாயங்காலம் டைரியில் தேதி போட்டு அதை அப்படியே எழுதிக்கொண்டேன். மற்றவர்கள் பேசியது எதுவும் இப்போது நினைவில்லை. இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. உங்கள் வேலையைப் பற்றி யாராவது நல்லாருக்கு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், அவர் இன்னும் மூட்டையைத் திறக்கவில்லை. என்னைத் திறந்து பார்த்து, பொறுமையாகத் தரம் பிரித்துச் சொன்னார்கள். ரெண்டாம் ரகம் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான்.