கை நனைக்காத வாரம்

என் அப்பா என் வீட்டில் சாப்பிட மாட்டார். சண்டை ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை என்றால் உயிர். வீடும் பிடிக்கும். ஆனால் எங்கள் குடும்பத்தில் ஒரு பழக்கம் உண்டு: கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிள்ளை பிறக்கும்வரை பெற்றவர்கள் அவள் வீட்டில் கை நனைக்கக்கூடாது. என் அத்தைகளுக்கெல்லாம் கல்யாணமான மறுவருஷமே பிள்ளை பிறந்துவிட்டதால் இந்தப் பழக்கம் யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்ததில்லை. எனக்குக் கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை.

இத்தனை வருஷமும் அவர்கள் காலையில் வந்து மாலையில் திரும்பிப் போகிறவர்களாகவே இருந்தார்கள். அம்மாவின் பையில் தயிர்சாதம் இருக்கும். என் மேசையில் உட்கார்ந்து, அவர்கள் சோற்றை அவர்கள் கொண்டுவந்த தட்டில் சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போவார்கள். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பேன். அக்கம்பக்கத்தில் யாராவது வந்துவிட்டால், "அப்பாவுக்குப் பத்தியச் சாப்பாடு" என்று பொய் சொல்வேன்.

போன மே மாதம் குடவாசல் பக்கம் எங்கள் கிராமத்து வீட்டில் தரையைப் பெயர்த்து டைல்ஸ் போட ஆரம்பித்தார்கள். ஆற்றில் தண்ணீர் வருவதற்குள் முடித்துவிட வேண்டும், அப்புறம் குறுவை வேலை வந்துவிடும் என்று அப்பாவுக்கு அவசரம். அடுப்படி முதற்கொண்டு எல்லாம் பெயர்ந்து கிடந்தது. தம்பி ஓசூரில் ஒற்றை அறையில் இருக்கிறான். வேறு வழியில்லாமல் ஒரு வாரம் தஞ்சாவூரில் என்னோடு தங்க வந்தார்கள்.

"சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவீங்க?" என்று போனில் கேட்டேன்.

"தஞ்சாவூர்ல கடையா இல்ல?" என்றார் அப்பா.

எனக்குச் சுருக்கென்றது. சரி, கடைதானே! நானும் வருகிறேன், என் வீட்டுக்காரரும் வருவார். நீங்கள் சாப்பிடாத வீட்டில் நாங்களும் சாப்பிடப்போவதில்லை என்று அப்போதே முடிவுசெய்துவிட்டேன். பால்காரரிடம் ஒரு வாரத்துக்குப் பால் வேண்டாம் என்றேன். பிரிட்ஜைக் காலிசெய்து துடைத்தேன். பள்ளிக்கூடம் கோடை விடுமுறை, எனக்குப் பாடம் நடத்துகிற வேலையும் இல்லை. என் வீட்டுக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் முகத்தை வருத்தமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், முடியவில்லை. ஹோட்டல் சாப்பாடு என்றால் அவருக்கு அவ்வளவு இஷ்டம்.

முதல் நாள் காலை பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் இட்லியும் பாசிப்பருப்புக் கடப்பாவும். அப்பா கடப்பாவைக் கரண்டி கரண்டியாக வாங்கி ஊற்றிக்கொண்டார். மத்தியானம் இலைச்சாப்பாடு. இரவு ரவா தோசை. மறுநாள் மருத்துவக் கல்லூரி சாலையில் புதிதாகத் திறந்திருந்த ஏசி ஹோட்டல். அங்கே சர்வர் நான்கு தட்டை வைத்துவிட்டு, "குழந்தைங்க யாராச்சும் பின்னாடி வர்றாங்களா சார்?" என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அப்பா மெனு கார்டை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். "இல்லைங்க, நாங்க நாலு பேர்தான். எப்பவும் நாலு பேர்தான்" என்று நான் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

எல்லா இடத்திலும் அப்பாதான் பணம் கொடுத்தார். மகள் காசில் ஹோட்டலில் சாப்பிட்டாலும் கை நனைத்ததுதானாம். சட்டம் அவ்வளவு கறார். ஆனால் சினிமாவுக்கு அது பொருந்தாது. வாய்க்குள் போகாத எதையும் மகள் வாங்கித் தரலாம்.

சினிமா நாங்கள் திட்டம் போட்டதல்ல. மத்தியானச் சாப்பாட்டுக்கும் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் நடுவே வெயில் மண்டையைப் பிளந்தது. வீட்டில் உட்கார்ந்தால் அப்பா கொத்தனாருக்கு மணிக்கொருதரம் போன் போட்டு அந்த மனுஷனை வேலைசெய்ய விடமாட்டார். அதனால் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் தியேட்டருக்குள் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. சாய்கிற நாற்காலியைப் பார்த்து, "இதுல படம் பாக்குறதா, தூங்குறதா?" என்றார். ஆனால் ஒரு நிமிஷம்கூடத் தூங்கவில்லை. வில்லன் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோது, "டேய், அங்க நிக்கிறான்டா" என்று கதாநாயகனுக்குச் சத்தமாகத் தகவல் சொன்னார். முன்வரிசையில் திரும்பிப் பார்த்தவர்களை அம்மாதான் சிரித்துச் சமாளித்தாள். நான் பாப்கார்ன் வாங்கி நீட்டினேன். வாசனையை இழுத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையாட்டினார். அம்மா மட்டும் இருட்டில் கையை விட்டு இரண்டு வாய் எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, அது நான் வாங்கினது."

"உப்பு பாத்தேன்டி."

மறுநாளும் போனோம். அதற்கு அடுத்த நாளும் போனோம். ஒருநாள் படம் முடிந்து திருவையாறு வரை போய் அசோகா அல்வா சாப்பிட்டோம். அப்பா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அந்தச் சந்தோஷத்தின் மேலேயே எனக்குக் கோபமும் வந்தது. என் வீட்டுச் சோற்றைத் தவிர உலகத்துச் சோறெல்லாம் இவருக்கு ருசிக்கிறதே என்று.

வெடித்தது வியாழக்கிழமை. அன்றைய படம் குடும்பப் படம். அதில் பிள்ளை இல்லாத மருமகள் ஒருத்தி. மாமியார் கரிக்கிறாள், ஊர் ஜாடை பேசுகிறது, அவள் கோயில் கோயிலாக மண்சோறு சாப்பிடுகிறாள். எனக்கு இடைவேளையிலேயே தெரிந்துவிட்டது. "கடைசியில வாந்தி எடுப்பா பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எடுத்தாள். தியேட்டரே கைதட்டியது. திரும்பிப் பார்த்தேன், அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நல்ல பொண்ணு. அதுக்கு விடிஞ்சிடுச்சு" என்றார்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் கேட்டேன்.

"எனக்கு விடியலையாப்பா?"

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை. "நல்ல வேலையில இருக்கேன். வீடு கட்டியிருக்கோம். அவரும் நானும் ஒத்துமையா இருக்கோம். எங்களுக்கு இன்னும் இருட்டாவா இருக்கு?"

அப்பா பரோட்டாவைப் பிய்த்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை. "பழக்கம்னு நினைச்சிக்கிட்டியா? பழக்கத்த நான் எப்பவோ விட்டிருப்பேன் பாப்பா" என்றார். "ஒரு பேரனோ பேத்தியோ பொறந்த அன்னிக்கு உன் வீட்டுல இலை போட்டு உக்காரணும்னு வேண்டிக்கிட்டிருக்கேன். அதுக்கு முன்னாடி நான் சாப்பிட்டுட்டா, இனிமே இல்லேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

இத்தனை வருஷமும் அதை அவமானம் என்று நினைத்திருந்தேன். அவருக்கு அது விரதம். கேட்டதும் நெஞ்சு இளகத்தான் செய்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இளகிய கையோடு கோபம் இரண்டு மடங்காக வந்தது. யாருக்காக இந்த விரதம்? கும்பகோணத்திலும் திருச்சியிலும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி, ஊசி போட்டுப் போட்டு இடுப்பு மரத்துப்போய், ஒருநாள் நாங்கள் இரண்டு பேரும் போதும் என்று முடிவெடுத்தோம். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினோம். விட்டதை நாங்கள் விட்டாயிற்று. அப்பா மட்டும் என் வாசலில் உட்கார்ந்து, வராத ஒருவருக்காகக் காத்திருக்கிறார். வந்து நிற்கிற நான் அவர் கண்ணில் படவேயில்லை.

"ஒத்துக்குங்கப்பா. இனிமே இல்லை. எனக்கு நாப்பத்தியொண்ணு ஆச்சு. இது அழுதுக்கிட்டுச் சொல்றது இல்லை, தெளிவாத்தான் சொல்றேன்" என்றேன்.

அவர் எழுந்து கைகழுவப் போய்விட்டார். அதன் பிறகு இரண்டு நாளும் ஹோட்டலுக்குப் போனோம், படத்துக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் சாம்பார் நன்றாக இருக்கிறது, சட்னி நன்றாக இருக்கிறது என்று காற்றோடு பேசிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களைக் காரில் ஊருக்குக் கொண்டுபோய் விட்டோம். புது டைல்ஸ் பளபளத்தது. அப்பா செருப்பைப் படிக்குக் கீழேயே விடச் சொன்னார். அம்மா வந்த வேகத்தில் அடுப்பைப் பற்றவைத்து வத்தக்குழம்பும் அப்பளமும் செய்து, தரையில் இலை போட்டாள். என் வீட்டுக்காரர் முதல் ஆளாக உட்கார்ந்தார். நான் சுவரோரம் நின்றேன்.

"உக்காரு பாப்பா" என்றார் அப்பா.

"வேணாம்ப்பா. நான் இங்க கை நனைக்க மாட்டேன்."

"ஏன்?"

"உங்களுக்குப் பேரப்பிள்ளை பொறக்கட்டும். அப்புறம் வந்து சாப்பிடுறேன்."

அம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. அப்பளத்தை நொறுக்கப்போன என் வீட்டுக்காரர் அதைச் சத்தமில்லாமல் இலையிலேயே திரும்ப வைத்தார். "ஏய், வெறும் வயித்தோட பொண்ணு பொறந்த வீட்டுலேர்ந்து போகக்கூடாதுடி" என்று அம்மா அழ ஆரம்பித்தாள். ஆனாலும் நான் உட்காரவில்லை. இன்றைக்கு உட்கார்ந்தால் சாகும்வரை என் வீட்டு மேசைக்கு அவர் தட்டோடுதான் வருவார் என்று எனக்குத் தெரியும்.

அப்பா என்னையே பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"மாப்ளே, வண்டிய எடுங்க."

"எங்க மாமா?"

"தஞ்சாவூருக்கு."

"சோறு ஆறிப்போகுதுங்க" என்றாள் அம்மா.

"மூடி வை" என்று சொல்லிவிட்டு அவர் வெளியே நடந்தார். அடுத்த நிமிஷம் அம்மா எங்களுக்கு முன்னால் காரில் ஏறியிருந்தாள்.

கும்பகோணத்தில் நல்ல நல்ல ஹோட்டல்களாக வரிசையாகக் கடந்துபோயின. பாபநாசத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் என் வீட்டுக்காரர் ஆசையாக வண்டியின் வேகத்தைக் குறைத்தார். "நேரா போங்க மாப்ளே" என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல். அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு கியரை மாற்றினார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் சமைக்க ஒன்றுமே இல்லை. நான்தான் வீம்புக்கு எல்லாவற்றையும் காலிசெய்து வைத்திருந்தேனே. டப்பாவின் அடியில் ரவை கிடந்தது, இரண்டு வெங்காயம் இருந்தது. உப்புமா கிண்டினேன். பதினான்கு வருஷம் மனசுக்குள் விதவிதமாகச் சமைத்துப் போட்ட விருந்து, கடைசியில் சாயங்கால வெயிலில் வெறும் உப்புமாவாக வந்து நின்றது.

அப்பா மேசையில் உட்கார்ந்தார். என் தட்டில் வைத்தேன். ஒரு வாய் எடுத்தவர் கையை வாய்க்கருகே நிறுத்திக்கொண்டார். கண் நிறைந்துவிட்டது. எதை நினைத்து நிறுத்தினார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த ஒரு வாயைப் போட்டுக்கொண்டால், அவர் யாருக்காகக் காத்திருந்தாரோ அந்தப் பிள்ளை இனி வராது என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். நான் அவரிடம் கேட்டது அதைத்தான். போதும் வைத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வைத்துவிட்டிருப்பார்.

நான் சொல்லவில்லை. எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன்.

அவர் சாப்பிட்டார். மெதுவாக, தலையை நிமிர்த்தாமல், தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வைம்மா" என்றார்.