சகலை மாற்றிய எண்கள்

என் வீட்டுக்காரர் பொறாமைப்பட உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. என் தங்கை புருஷன். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்துக் கட்டினால் இவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சகலை புதுச் செருப்பு போட்டு வந்தால் மட்டும் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது.

இவர் எலும்பு ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறார். சகலைக்குக் கண் ஆஸ்பத்திரியில் அதே வேலை. போன வருடம் ஒரே முதலாளி இரண்டையும் வாங்கினார். இரண்டு கட்டடத்தையும் ஒரே நெட்வொர்க்காக இணையுங்கள், பிறகு உங்களில் ஒருவரை மொத்தத்துக்கும் தலைவராகப் போடுகிறேன் என்றார்.

"அவனுக்குக் கீழ நான் கைகட்டி நிக்கணுமா?" என்று இவர் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார். எனக்கும் வயிறு எரிந்தது. தங்கை வீட்டில் ஏற்கெனவே எல்லாம் ஒரு படி கூட.

இணைத்த அன்றே கூத்து. கால் முறிந்து வந்தவருக்கான சீட்டு கண் ஆஸ்பத்திரிப் பிரிண்டரில் வந்து விழுந்தது. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் பிரிண்டருக்கும் கதவு எண் மாதிரி ஐபி எண் என்று ஒன்று உண்டு. அதில் கட்டடத்துக்குள்ளேயே புழங்குவதற்கென்று சில எண்களை ஒதுக்கி வைத்திருக்கிறார்களாம். 10 என்று தொடங்குவது, 172.16 முதல் 172.31 வரை, அப்புறம் 192.168. எந்த வீடும் எந்த ஆபீசும் யாரையும் கேட்காமல் போட்டுக்கொள்ளலாம். வாசலைத் தாண்டி இன்டர்நெட்டில் அவை செல்லாது. தனித்தனியாக இருந்தவரை தொல்லையில்லை. இரண்டு பேருமே 192.168.1 போட்டிருந்ததால், சேர்த்ததும் ஒரே எண்ணில் இரண்டு பிரிண்டர். யாராவது ஒருவர் தன் பக்கம் முழுக்க மாற்றியாக வேண்டும்.

"நான் ஏன் மாத்தணும்? அது என் நம்பர்" என்றார் இவர்.

"நீங்க வாங்குனதா?"

"அது யாருக்குமே சொந்தமில்ல. அதான் விட்டுக்குடுக்க மாட்டேங்கிறேன்."

நியாயமே இல்லாத பேச்சு. ஆனாலும் எனக்குப் பிடித்திருந்தது.

சகலை மல்லுக்கு நிற்கவில்லை. "சரிண்ணே, நான் பத்துல ஆரம்பிக்கிறதுக்கு மாறிக்கிறேன்" என்றுவிட்டார். இவர் அன்று வீட்டுக்குள் மாப்பிள்ளை நடை நடந்தார்.

கண் ஆஸ்பத்திரியில் அறை அறையாகப் போய் அவர் மாற்றி முடித்தார். அந்தப் புது எண்களை இந்தப் பக்கக் கம்ப்யூட்டர்களிலும் பதிய வேண்டியிருந்தது. "மாத்தினவனே வந்து செய்யட்டும்" என்று இவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். சகலை வந்தார். எக்ஸ்ரே அறை, மருந்துக் கவுண்டர், வார்டு நர்சுகளின் மேஜைக்கு அடியில் என்று ஒன்று விடாமல் நுழைந்தார். கொஞ்ச நாளில் எங்கள் ஆஸ்பத்திரி ஆட்களே எதற்கெடுத்தாலும் அவரைக் கூப்பிடத் தொடங்கினார்கள். இவருக்குச் சாப்பாடு கொண்டுபோன என்னிடமே பில் போடும் அம்மா, "உங்க தங்கச்சி வீட்டுக்காரராமே? தங்கமான மனுஷன்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரெண்டு கட்டடமும் மூலைமுடுக்கெல்லாம் தெரிஞ்சவர் அவர்தானே என்று முதலாளி பதவியைச் சகலைக்கே கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் தங்கையும் அவரும் வீட்டுக்கு வந்தார்கள். "அண்ணே, உங்க பக்கத்து நம்பர் ஒண்ணக்கூட நான் தொட மாட்டேன். அது அப்படியே இருக்கட்டும்" என்றார் சகலை. கேலியாகச் சொல்லியிருந்தால் இவர் சண்டைக்குப் போயிருப்பார். நானும் தங்கையோடு பேச்சை நிறுத்தியிருப்பேன். மனிதர் மனதாரச் சொன்னார்.

அவர்கள் தெருமுனை திரும்பும்வரை இவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"நல்லவனா வேற இருந்து தொலைக்கிறானே" என்றார்.