மேஜைமேல் கிடந்தவள்

டேப்பக்கா தன் அம்மாவைப் பார்த்ததில்லை. கைக்குழந்தையாகப் பார்த்திருப்பாள், அது கணக்கில் வராது. அம்மா காய்ச்சலில் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே குடியிருந்த வீடும் தீப்பிடித்துக்கொண்டது. அப்பா பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே ஓடிவந்து திரும்பிப் பார்ப்பதற்குள் பெட்டி, துணிமணி, இருந்த ஒரே கல்யாண போட்டோ எல்லாம் சாம்பல். வளர்ந்தபிறகு, அம்மா எப்படி இருப்பாள் என்று கேட்டபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான்.

"கண்ணாடியப் போய்ப் பாரு. அப்படியேதான் இருப்பா."

சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். சித்தி வட்ட முகம் என்பாள், மாமா நீள முகம் என்பார். செத்தவள் வந்து மறுக்கவா போகிறாள்! இவளோ கண்ணாடிமுன் நின்று, தன் முகத்தில் எது அம்மாவிடமிருந்து வந்தது, எது அப்பாவிடமிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்தே பாதி வயதைக் கழித்தாள். வேறு எதற்கும் அவள் இப்படி ஏங்கியதில்லை.

வேலை வீடியோ கேசட் வாடகைக்கு விடும் கடையில். முதலாளி கல்லாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். மற்றதெல்லாம் இவள் தலையில். திரும்பி வரும் கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி வைப்பது, கேசட் ஓட்டும் டெக்கில் டேப்பை உரசிப் படமெடுக்கும் ஹெட்டைத் துடைப்பது, சிக்கிக்கொண்ட டேப்பை விரல் படாமல் எடுப்பது. கேசட்டின் திருகுகளைக் கழற்றி, கசங்கிய துண்டை வெட்டி எறிந்துவிட்டு, இரண்டு முனைகளையும் அவள் ஒட்டினால் ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியாது. அதனால் வந்த பெயர்தான் டேப்பக்கா. வாடகைக்கு எடுப்பவர்களிடம் ஒரு பாட்டு பாடாமல் விடமாட்டாள்: "படத்த நிறுத்தி நிறுத்திப் பாக்காதீங்க. டேப்பு ஒரே எடத்துல நிக்கும், ஹெட்டு மட்டும் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த எடமே தேஞ்சு போயிடும்." ஊருக்கெல்லாம் சொன்னவள் வீட்டில் மட்டும் சொல்லவில்லை.

கடையில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் இருந்தது. பைத்தியக்கார டாக்டர் ஒருவன் கண்ணாடிக் குழாய்களில் ஏதோ புகையைக் கொதிக்கவைத்து, மேஜைமேல் கிடத்திய பிணத்தின் மூக்கில் ஊதி எழுப்புகிற படம். பிணத்தின் முகம் தெரிவது அந்த ஒரு இடத்தில்தான், மற்ற நேரமெல்லாம் துணி மூடியிருக்கும். வந்த காலத்தில் பார்த்தவர்கள் பயந்தார்களாம். இப்போது கல்லூரிப் பையன்கள் சிரிப்பதற்காகவே எடுத்துப் போனார்கள். டேப்பக்காவும் அவர்களோடு சேர்ந்துகொள்வாள். "பொணத்துக்கு நடிக்கவே தெரியல தம்பி. கண்ணத் தொறக்கும்போது உதட்டோரம் சிரிக்குது பாருங்க" என்பாள். வாயைக் கோணி நடித்தும் காட்டுவாள்.

அந்தப் படத்தை வீட்டுக்கும் அடிக்கடி எடுத்துப் போவாள். அப்பா கேட்பார். அவர் சினிமா செட்டுகள் போட்ட தச்சர். டாக்டரின் ஆய்வுக்கூடம் அவர் கைவேலை. இப்போது முழங்கால் மடங்காமல் வீட்டோடு கிடந்தார். கடையிலிருந்து கழித்துப்போட்ட டெக் ஒன்றைச் சரிசெய்து அவருக்குக் கொடுத்திருந்தாள்.

"அந்த மேஜை நான் அடிச்சது, பாப்பா."

"ஆயிரம் தடவ சொல்லிட்ட. இத்தனை தடவ பாக்க ஒரு மேஜையில என்னப்பா இருக்கு?"

"வேலைக்காரனுக்குத் தன் வேலையப் பாக்க ஆச இருக்காதா?"

கிழவருக்குப் பொழுது போனால் சரி என்று விட்டுவிட்டாள். பகலெல்லாம் தனியாக இருப்பவர் என்ன பார்க்கிறார், எப்படிப் பார்க்கிறார் என்று யார் கண்டது?

ஒரு நாள் கேசட்டைத் திருப்பிக் கொண்டுவந்த பையன் குறை சொன்னான். பிணம் எழுந்திருக்கும் இடத்தில் ஒரே கோடு, டேப்பும் உள்ளே மாட்டிக்கொள்கிறது என்றான். முதலாளி பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல், "சரி பண்ணு, இல்லன்னா தூக்கிப் போடு" என்றார். டேப்பக்கா கேசட்டைப் பிரித்தாள். இரண்டு முழ நீளத்துக்கு டேப் வெளுத்துக் கசங்கிப்போயிருந்தது. எந்தப் புண்ணியவான் இப்படி நிறுத்தி வைத்தான் என்று திட்டிக்கொண்டே வெட்டினாள், ஒட்டினாள், ஓட்டிப் பார்த்தாள். டாக்டர் புகையை ஊதினான். அடுத்த நொடி இரண்டு கையையும் தூக்கிக் கத்தினான். நடுவில் அரை நிமிடம் போனதே தெரியவில்லை. தன் கைநேர்த்தியை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது.

அப்பா மறுபடி அந்தப் படம் கேட்டபோது மூன்று நாள் ஆகியிருந்தது. காலையில் கொடுத்துவிட்டுப் போனவள் சாயங்காலம் வந்தபோது, அவர் அணைந்த டிவிக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். வைத்த சோறு வைத்தபடி இருந்தது.

"படத்துல ஒரு எடம் இல்ல."

"கண்டுபிடிச்சிட்டியா? யாரோ தேச்சு வச்சிருந்தாங்க. வெட்டி ஒட்டிட்டேன். எவ்ளோ நேக்கா ஒட்டியிருக்கேன் பாத்தியா?"

"வெட்டினது எங்க?"

"குப்பையில."

அப்பா எழுந்தார். முழங்கால் மடங்காத மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினார். "என்னப்பா, கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று கத்திக்கொண்டே இவள் பின்னால் ஓடினாள். கடைக்குப் பின்னால் இருந்த குப்பைத்தொட்டியின் மூடியைத் திறந்து உள்ளே கையை விட்டார். வண்டி அன்று காலையிலேயே வந்து அள்ளிப் போயிருந்தது. தொட்டியின் அடியில் ஈரம் மட்டும் இருந்தது.

"அது உங்கம்மா" என்றார்.

அவளுக்கு விளங்கவில்லை.

"பொணமாப் படுக்க வந்தவ அந்த மேஜையப் பாத்துட்டு ஓடிட்டா. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த உங்கம்மாவப் படுக்கவச்சாங்க. மூச்சு விடக்கூடாதுன்னு சொன்னாங்க. நான் லைட்டுக்குப் பின்னால நின்னேன். கண்ணத் தொறந்ததும் நேரா என்னத்தான் பாத்தா. சிரிப்ப அடக்க முடியல அவளால."

"ஏம்ப்பா சொல்லல? நான் எத்தனை வருஷமாக் கேட்டேன்!"

"பெத்தவள மொதமொதப் பொணமாவா காட்டுறது? நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு இருந்துட்டேன்."

டேப்பக்கா தெரு என்றும் பாராமல் தொட்டியின் பக்கத்திலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். வாழ்க்கையெல்லாம் தேடிய முகத்தைப் பத்து இருபது தடவை பார்த்திருக்கிறாள். பார்த்துச் சிரித்திருக்கிறாள். பிறகு தன் கையாலேயே கத்தரித்து எறிந்திருக்கிறாள். அப்பா அவள் தலைமேல் கையை வைத்தார்.

"நீ என்ன பண்ணுவ? தேச்சது நான். நீ கூட்டிப் பெருக்கின, அவ்ளோதான்."

அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அடுத்த மாதமெல்லாம் அவள் கடை கடையாக ஏறி இறங்கினாள். யாரும் அந்தப் படத்தை வைத்திருக்கவில்லை. கேசட் போட்ட கம்பெனியை இழுத்து மூடி வருஷங்கள் ஆகியிருந்தன. கல்லூரிப் பையன்களைப் பிடித்து, அந்தப் பிணத்தின் முகம் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணை மூடினால் அவளுக்கே கோடுகள்தான் வந்தன. கோடுகளுக்கு நடுவில் ஒரு உதட்டோரம், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பா கூப்பிட்டார்.

"பாப்பா, அவ சிரிச்சது இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? நேத்திலருந்து யோசிக்கிறேன், பிடிபடல. உனக்குத்தான் இள வயசு. நீ சொல்லு."

அவளுக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. உள்ளே போய்க் கண்ணாடிமுன் நின்றாள். பையன்களுக்கு எத்தனையோ தடவை நடித்துக் காட்டியதுதானே. கண்ணை மூடித் திறந்து, வருகிற சிரிப்பை அடக்குவதுபோல் உதட்டோரத்தை இழுத்துப் பார்த்தாள். இடப்பக்கம் சரியாக இருப்பதாகத் தோன்றியது. அந்த முகத்தைக் கலைக்காமல் அப்படியே வந்து அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"இப்படியாப்பா?"

அப்பா அவள் மோவாயைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். வெகுநேரம் பார்த்தார்.

"இல்ல பாப்பா" என்றார். "இது நீ."