பெக்கின் மனைவிக்குப் பெயர் உண்டு

செய்தி ட்ராமில் வந்தது. காலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். யோகமலர் அக்காவின் மகன் நிரோஷன் அழைத்து, "அன்ரி, அம்மா போயிட்டா" என்றான். மூன்று வாரமாக ஆஸ்பத்திரியில் இருந்தவர்தான், எதிர்பார்த்ததுதான். ஆனாலும் நான் இறங்கவேண்டிய தரிப்பிடம் தாண்டிப் போனதைக் கவனிக்கவில்லை. அவன் அழுது முடித்துவிட்டு, "அறிவித்தல் போடவேணும் அன்ரி. நீங்கள்தானே எல்லாருக்கும் எழுதுறனீங்கள்" என்றான்.

உண்மைதான். இங்கே ஜெர்மனியில் பான் நகரிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நம்மவர் வீட்டில் சாவு விழுந்தால் மரண அறிவித்தல் எழுதுகிறவள் நான். கை பழகிவிட்டது. தரிப்பிடத்து வாங்கில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் கைபேசியில் எழுதி அனுப்பினேன். "கரவெட்டியைப் பிறப்பிடமாகவும், ஜெர்மனி பான் நகரை வதிவிடமாகவும் கொண்ட யோகமலர் தவராசா அவர்கள் காலமானார். அன்னார் காலஞ்சென்ற செல்லத்துரை, பாக்கியம் தம்பதியரின் அன்பு மகளும், காலஞ்சென்ற தவராசாவின் அன்பு மனைவியும், நிரோஷனின் பாசமிகு தாயாரும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் அனைவரும் ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கின்றோம்." மத்தியானத்துக்குள் அது லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மாலையில் வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றும்போதுதான் நான் செய்த வேலை எனக்கு உறைத்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே அக்கா என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். "நான் செத்தால் அறிவித்தல் நீர்தான் எழுதுவீர். ஒருத்தற்றை பெண்சாதி, ஒருத்தற்றை தாய் எண்டு மட்டும் எழுதி என்னை முடிச்சுப்போடாதையும்." நான் "ஓம் அக்கா" என்றேன். சொன்னவளும் நான்தான், மறந்தவளும் நான்தான். அவரை அறிந்த உங்கள் எல்லோருக்கும் இதை எழுதுவது அந்த வெட்கத்தோடுதான்.

நானும் அவரும் பத்தொன்பது வருடம் ஒரே முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தோம். அவர் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர். இங்கே உருளைக்கிழங்கு உரித்தார். அதைப் பற்றி அவர் புலம்பி நான் கேட்டதில்லை. இல்லத்தின் மூன்றாம் மாடியில் டோரதி என்ற ஆங்கிலேயக் கிழவி இருந்தார். ஜெர்மன்காரரைக் கலியாணம் செய்து பானுக்கு வந்தவர், கண் பார்வை போய்விட்டது. அவருடைய பூட்டன் விக்டோரியா மகாராணி காலத்தில் எல்லர்ஹோம் என்ற சின்னக் கிராமத்தில் பாதிரியாராக இருந்தவராம். முப்பது வருடம் அவர் எழுதிய நாட்குறிப்பின் தட்டச்சுப் பிரதி ஒரு பெட்டி நிறைய இருந்தது. அதை வாசித்துக் காட்ட ஆள் இல்லை. சூப்புக் கோப்பை எடுக்கப் போன அக்கா ஒரு பக்கம் வாசித்தார். அன்றிலிருந்து வேலை முடிந்ததும் ஏப்ரனைக் கழற்றிவிட்டு மேலே போய்விடுவார்.

அடுத்த நாள் இடைவேளையில் எங்களுக்கு எல்லர்ஹோம் கதை வரும். எங்கள் மேசையில் கோப்பி குடித்தபடியே நாங்கள் அந்த ஊருக்குப் போய் வந்தோம். தேவாலயத்தில் பணக்காரருக்கு முன்வாங்கு, கூலிக்காரருக்குக் கதவோரம். கலியாணப் பதிவில் கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் பெருக்கல் குறிபோல ஒரு புள்ளடி போட்டார்கள். வேலை தேடி வேறு ஊருக்குப் போன ஏழைக் குடும்பம் நொடித்துப்போய் உதவி கேட்டால், 'உன் சொந்தக் கோயில்பற்றுக்குப் போ' என்று வண்டியில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதை வாசித்த அன்று அக்கா மேசையில் தட்டிச் சிரித்தார். நாங்கள் வந்த புதிதில், அகதி விண்ணப்பம் முடியும்வரை எங்கள் வட்டாரத்தைத் தாண்ட அனுமதிக் கடிதம் வேண்டும். ஆஹென் நகரில் இருந்த தம்பியைப் பார்க்கக் கடிதமில்லாமல் போன அக்காவை ரயிலிலிருந்து இறக்கித் திருப்பி அனுப்பினார்கள். "வெள்ளைக்காரன் வெள்ளைக்காரனுக்கே இதைச் செய்துதான் பழகினவன். எங்களில வந்து புதுசாத் தொடங்கேல்லை" என்றார்.

அந்த நாட்குறிப்பில்தான் பெக்கின் மனைவி வந்தாள்.

அறுவடை முடிந்த வயலில் சிந்திக் கிடக்கும் கதிரை ஏழைப் பெண்கள் பொறுக்கலாம். ஆனால் காலை எட்டு மணிக்குத் தேவாலய மணி அடித்த பிறகுதான் வயலில் கால் வைக்கவேண்டும். ஒரு வருடம் வயல்காரன் விடியற்காலையிலேயே தன் பன்றிகளை உள்ளே விட்டுவிட்டான். பெண்கள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் எழுதுகிறார்: 'பெக்கின் மனைவி மணிக்குக் காத்திராமல் வயலில் இறங்கினாள். மற்றவர்களும் பின்னால் போனார்கள். பன்றிகளை விட்டது முறையல்ல; ஆயினும் ஒழுங்கு ஒழுங்கே.' அந்த நத்தார்ப் பண்டிகைக்கு ஏழைகளுக்குக் கம்பளி கொடுத்தபோது அவளுடைய வீட்டுக்கு மட்டும் இல்லை. அடுத்த அறுவடையில் பாதிரியார் ஒரே வரிதான் எழுதினார்: 'பெக்கின் மனைவி, மறுபடியும்.'

"பன்றிக்கு ஆர் மணி அடிச்சவை?" என்று அக்கா கேட்டார். எங்களிடம் மட்டுமல்ல, டோரதியிடமும் கேட்டிருக்கிறார். தன் பூட்டன் நல்ல மனிதர் என்று அந்தக் கிழவி சொன்னாராம். அக்கா அதை மறுக்கவில்லை. "நல்ல மனிசன்தான். காய்ச்சல்காரற்றை வீட்டுக்கெல்லாம் போயிருக்கிறார். ஆனால் முப்பது வருசத்தில பதினொரு இடத்தில இந்த மனிசியைப் பற்றி எழுதினவர், ஒருக்காக்கூட அவவின்ர பெயரைச் சொல்லேல்லை. அந்தாளின்ர குதிரைக்குப் பெயர் இருக்கு, பாரும்." டோரதி இறக்கும் முன் அந்தப் பெட்டியை அக்காவிடம் கொடுத்துவிட்டார். பெயரைக் கண்டுபிடித்தால் தன் கல்லறைக்கு வந்து சொல்லும்படி கேட்டுக்கொண்டாராம்.

அதன் பிறகு அக்கா எல்லர்ஹோம் வரலாற்றைத் தமிழில் எழுதத் தொடங்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் குசினி மேசையில் இருந்து, கோடு போட்ட பள்ளிக்கூடக் கொப்பிகளில் எழுதுவார். நமது தமிழ்ச் சங்கத்தின் ஆண்டுவிழாவில் அதில் ஒரு பகுதியை வாசித்தபோது செயலாளர் எழுந்து கேட்டது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "அக்கா, எங்கட ஊர் வரலாறு எழுத ஆளில்லாமல் கிடக்கு. நீங்கள் என்னத்துக்கு வெள்ளைக்காரன்ர கோயிலை எழுதுறியள்?" அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்கள் வந்து எங்கட ஊரை எழுதேக்க, அவங்கட ஊரில எழுத ஒண்டும் இல்லையோ? நாங்கள் என்ன சாப்பிடுறம், எப்பிடிக் கும்பிடுறம், எங்கட பெண்டுகள் எப்பிடி எண்டு எல்லாம் எழுதி வைச்சிருக்கிறாங்கள். ஹாலே ஆவணக் காப்பகத்தில அந்த மிசன் பாதிரிமார் எழுதின கடிதங்களை நாங்கள் எல்லாரும் பஸ் பிடிச்சுப் போய்ப் பார்த்தனாங்கள்தானே. நீங்கள் அதோட நிண்டு படம் எடுத்தனீங்கள் தம்பி. நான் அவங்கட வீட்டைக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் என்ன குறைஞ்சு போகும்?" சபை சிரித்தது. செயலாளர் சிரிக்கவில்லை.

பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்குக்கும் அவரைக் கூப்பிட்டார்கள். அகதிப் பெண்ணாக அவருடைய அனுபவத்தைச் சொல்லவேண்டுமாம். அக்கா நீலச் சேலை கட்டிக்கொண்டு போய், இருபது நிமிடம் ஜெர்மன் மொழியில் எல்லர்ஹோமின் கதிர் பொறுக்கும் உரிமை பற்றிப் பேசினார். முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நடத்திய பெண்மணி மிகவும் மரியாதையாக, உங்கள் சொந்த அனுபவத்தை எதிர்பார்த்தோம் என்றார். "இது என் சொந்த அனுபவம்தான். நான் வாசித்தது, நான் யோசித்தது" என்று அக்கா பதில் சொன்னார். திரும்பி வரும் வழியில் என்னிடம், "நான் அழுவன் எண்டு கண் துடைக்கத் தாள் லேஞ்சி எல்லாம் வைச்சிருந்தவை, பாவம்" என்றார். எனக்கு அன்று அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. அது இப்போது குறையாக இருக்கிறது.

ஓய்வு பெற்ற வருடம் அவர் இங்கிலாந்துக்குப் போனார். துணைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். எல்லர்ஹோமின் கலியாணப் பதிவேடுகளின் படச்சுருள் அந்த மாவட்ட ஆவணக் காப்பகத்தில் இருந்தது. இரண்டு நாள் திரையைப் பார்த்துப் பார்த்து எனக்குக் கண் எரிந்தது. இரண்டாம் நாள் பின்னேரம், சுருளைச் சுற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. தாமஸ் பெக், கூலியாள். அவன் பெயருக்குக் கீழே பாதிரியாரின் கையெழுத்தில் சூசன்னா ஹோல்ட். பக்கத்தில் மை பரவிய, கோணல் புள்ளடி ஒன்று. அக்கா அந்தப் புள்ளடியை விரலால் தொட்டார். திரையைத் தொடவேண்டாம் என்று சொல்ல வந்த இளம் பெண் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு, உங்கள் குடும்பமா என்று கேட்டாள். அக்கா ஆம் என்றார். வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

"ஏன் அக்கா பொய் சொன்னனீங்கள்?"

"ஆர் பொய் சொன்னது? அவள் கேட்டாள், நான் சொன்னன். நீர் சும்மா நடவும்."

பானுக்கு வந்த மறுநாளே டோரதியின் கல்லறைக்குப் போய்ப் பெயரைச் சொன்னோம். அங்கே நின்றபடிதான் அக்கா என்னிடம் அந்த வாக்கை வாங்கினார். அப்படியிருந்தும் நான் அந்தத் தரிப்பிடத்து வாங்கில் இருந்து, பாதிரியார் சூசன்னாவுக்குச் செய்ததை அக்காவுக்குச் செய்தேன். பாதிரியாருக்காவது அவள்மேல் கோபம் இருந்தது. எனக்கு அவர்மேல் அன்பு இருந்தும் அதே வேலையைத்தான் செய்தேன்.

போன அறிவித்தலைத் திருப்பிப் பிடிக்க ஏலாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வருவோருக்குக் கொடுக்கும், இறந்தவரைப் பற்றிய கல்வெட்டுப் புத்தகம் மிச்சம் இருந்தது. நிரோஷனின் வீட்டில் அதற்காகக் கூடினோம். வழக்கம்போலத் தேவாரமும் குடும்ப விபரமும் செயலாளரிடம் தயாராக இருந்தன. முதல் பக்கத்தில் எல்லர்ஹோம் வரவேண்டும் என்றேன்.

"தங்கச்சி, கல்வெட்டு சமயக் காரியம். அதுக்குள்ள வேதக்காரற்றை கோயில் கதை என்னத்துக்கு?"

"அண்ணை, அவ பதினாறு வருசம் செய்த வேலை அது."

"வேலை எண்டால் ஆரும் சம்பளம் குடுத்தவையோ? பொழுதுபோக்கு. வேணுமெண்டால் கடைசிப் பக்கத்தில ரெண்டு வரி போடுவம்."

"ரெண்டு வரி போடுறதெண்டால் ஒண்டும் போடாதேங்கோ. நான் அந்தியேட்டியண்டு வாசலில நிண்டு ஒவ்வொருத்தருக்கும் வாயால சொல்லுறன்."

 அப்போதுதான் நிரோஷன் தலையிட்டான். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளை. தாயின் கொப்பிகளை வாசிக்கும் அளவுக்கு அவனுக்குத் தமிழ் வராது. "எனக்குச் சின்னனில அந்தக் கொப்பிகளில சரியான கோவம்" என்றான். "ஞாயிற்றுக்கிழமை எண்டால் அம்மா எங்களோட வரமாட்டா. அந்தப் பெக்கின்ர மனிசிதான் அவவுக்கு முக்கியம் எண்டு நினைச்சன். ஆஸ்பத்திரியில கடைசிக் கிழமை நேர்ஸ் வந்து பெயரும் தொழிலும் கேட்டவ. அம்மா ஹிஸ்டோரிகெரின் எண்டு சொன்னவ. நேர்ஸ் என்னைப் பார்த்துச் சிரிச்சா. நானும் சிரிச்சிட்டன்." செயலாளரின் பக்கம் திரும்பினான். "முதல் பக்கத்தில போடுங்கோ அங்கிள். வரலாற்றாசிரியர் எண்டு போடுங்கோ."

போட்டார்கள். கல்வெட்டைக் கையில் வாங்கியவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்திருப்பீர்கள். சிலர் முகம் சுளித்ததையும் நான் பார்த்தேன். சுளிக்கட்டும். பதினான்கு கொப்பிகள் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றன. தட்டச்சுச் செய்துகொண்டிருக்கிறேன், ஐந்தாவதில் நிற்கிறேன். எவரும் அச்சிட முன்வராவிட்டால் இல்லத்து அலுவலகத்தின் பிரதி எடுக்கும் இயந்திரம் இருக்கிறது. அந்தப் புள்ளடியின் பிரதி என் குசினிச் சுவரில் ஒட்டியிருக்கிறது. யாருக்காவது அறிவித்தல் எழுத உட்கார்ந்தால் இப்போது அதைப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். முதலில் வீட்டாரிடம், அவர் என்ன செய்தவர் என்று கேட்கிறேன். பலர் திகைத்துப் போகிறார்கள். காத்திருக்கிறேன், சொல்லும்வரை.

அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது அந்தக் கேள்வி. ஆகவே உங்கள் கைபேசிகளில் இன்னும் கிடக்கும் என் பழைய அறிவித்தலை அழித்துவிட்டு, இதை வைத்துக்கொள்ளுங்கள்:

கரவெட்டியில் பிறந்து பானில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் யோகமலர் காலமானார். அன்னார் எல்லர்ஹோம் என்னும் ஆங்கிலேயக் கிராமத்தின் வரலாற்றைத் தமிழில் எழுதியவரும், மணிக்குக் காத்திராமல் வயலில் இறங்கிய சூசன்னாவின் பெயரைக் கண்டுபிடித்தவரும், அவளுடைய குடும்பமும் ஆவார். இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், நண்பர்கள் ஏற்றுக்கொண்டாலும் சரி, ஏற்றுக்கொள்ளாவிட்டாலும் சரி.